பெட்டியை மட்டும் கொடுங்கப்பா!

தீபாவளி அன்று விடியற்காலை சூலக்கரையில் எல்லோர் கையிலும் ஊதுவத்தி இருக்கும். ஒருவர் கையில் மட்டும் மஞ்சள் பை இருக்கும். தெருத் தெருவாக நடப்பார். பையன்கள் பூச்சட்டியை எடுத்துக்கொண்டு காலி அட்டையைத் தூக்கி எறியப் போகும் நேரத்தில், "பெட்டியை மட்டும் கொடுங்கப்பா" என்று கையை நீட்டுவார். அதிலுள்ள படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். தன்னிடம் இல்லாதது என்றால் பைக்குள் போகும். இருப்பது என்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'லேபிள் தாத்தா'. வயது 58தான். இன்னும் பேரன் பேத்தி எடுக்காதவர் என்பதால் அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

முப்பது வருடம் சிவகாசிக்கு பஸ் ஏறிப் போய், ஆஃப்செட் பிரஸ் ஒன்றின் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். சாயங்காலம் எல்லோரும் டிபன் பாக்ஸோடு வீடு திரும்புவார்கள். இவர் டிபன் பாக்ஸுக்குள் நான்கைந்து லேபிள்களோடு திரும்புவார். பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள் இரண்டும் சேர்த்து இன்று அவரிடம் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. பீரோவில் புடவைக்கு இடமில்லை என்று அவர் மனைவி சொல்லாத நாளில்லை.

தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. ஃபிலுமெனி என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆனால், சிவகாசிப் பக்கம் லேபிள் என்பது வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்ததும் அதில் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. பிறகுதான் காலண்டரும், டைரியும், கல்யாணப் பத்திரிகையும். இந்த ஊர் அச்சடித்துப் பழகியதே, பெட்டியோடு குப்பைக்குப் போகிற காகிதத்தில்தான்.

காலண்டர் படங்களுக்காவது ஒரு மரியாதை இருந்தது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைய வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர் கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் காலண்டராகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறிப் பூஜையறைக்கே போனார்கள். பட்டாசுப் பெட்டியில் மயிலையும் அணிலையும் வரைந்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்? எந்த லேபிளிலும் வரைந்தவர் கையெழுத்தை லேபிள் தாத்தா பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு லேபிளை நீட்டினால், அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். மந்திரம் ஒன்றும் இல்லை. படத்தை விட்டுவிட்டு அடியில் உள்ள பொடி எழுத்தைப் படிப்பார். முகவரியில் 'ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்' என்றிருந்தால், பெரும்பாலும் 1985க்கு முந்தையது. அந்த வருடம்தான் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம் உண்டாக்கினார்கள். 'காமராஜர் மாவட்டம்' என்றிருந்தால் 1985க்கும் 1997க்கும் இடைப்பட்டது. 1997ல் தலைவர்கள் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது அது விருதுநகர் மாவட்டமானது. 626123 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. 1969 ஜனவரிக்கு முந்தையது! பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூஆர் கோடும் இருந்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பின்னால் வந்தது. பழைய ஸ்டாக்கை முதலாளி தீர்க்கும் வரை பழைய முகவரியே ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், ஒன்றிரண்டு வருடம் கூடக் குறைய இருக்கலாம் என்று அவரே சொல்லிவிடுவார்.

பழைய பெட்டியிலிருந்து லேபிளைப் பிரிப்பது தனி வேலை. முந்தைய தீப்பெட்டிகள் மரச்சீவலில் செய்தவை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் மைதாப் பசை இளகி, லேபிள் தானாக மிதந்து வரும். அவசரப்பட்டு இழுத்தால் அணிலுக்கு வால் போய்விடும். மைதா மிச்சமிருந்தால் இராமபாணப் பூச்சி விடாது. ஒரு மழைக்காலத்தில் ஒரு ஃபைல் முழுவதையும் சல்லடையாக்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பாச்சை உருண்டை வாசனைதான்.

அவருக்கு உயிரானவை ஒழுங்கான லேபிள்கள் அல்ல. மிஷினில் புது வேலை ஏற்றும்போது நிறம் சரியாக விழும்வரை வீணான தாள்களையே திரும்பத் திரும்ப விடுவார்கள். லட்சுமி மேல் சரவெடி, சரவெடி மேல் நெய் டப்பா, அதன் மேல் யாரோ ஒரு மணமக்களின் பெயர் என்று ஒரே தாளில் எல்லாம் விழுந்து கிடக்கும். வேஸ்ட் ஷீட் என்று எடைக்குப் போடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவார்கள். அதில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு போஸ்டர் கொண்டுவந்து கொடுத்தாள். வெளிநாட்டில் நடந்த பங்க் இசை விழாவுக்காகக் கையால் ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. பங்க் என்றால் என்ன என்று கேட்டார். "கோபக்காரப் பசங்க பாட்டுப்பா" என்றாள். அவர் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். புள்ளிகளே இல்லை. ஒவ்வொரு நிறமும் மெழுகினாற்போல் தட்டையாக, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவு கனமாக இருந்தது. கீழே பென்சிலில் 37/150 என்று எழுதியிருந்தது.

"இது என்னம்மா கணக்கு?"

"மொத்தமே 150தான் போட்டாங்கப்பா. இது முப்பத்தி ஏழாவது. அதுக்கப்புறம் போட மாட்டாங்க. அதான் விலை."

அவர் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க மிஷின்ல மணிக்கு எட்டாயிரம் ஷீட் போகும். ஒரு தீபாவளிக்கு லட்சக்கணக்குல அடிச்சுக் கொடுத்திருக்கோம். அதுல ஒண்ணு கிடைக்குமான்னு நான் இன்னமும் குப்பையில தேடிட்டு இருக்கேன்."

மகள் பதில் சொல்லவில்லை. போஸ்டர் ஹாலில் மாட்டப்பட்டது.

அந்தப் பொங்கலுக்குச் சாத்தூரிலிருந்து அவர் அக்கா வந்தார். இந்தக் கதையில் அக்காவை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால், முதல் நாற்பது லேபிளும் அக்கா கொண்டுவந்தவை. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்கு லேபிள் ஒட்டப் போனவர் அவர். இருட்டோடு பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். தம்பிக்கு என்று பாவாடை மடிப்பில் ஒரு லேபிளைச் செருகிக்கொண்டு வருவார். அந்தப் படங்களில்தான் தம்பி எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினான். அக்கா கூலியில் அவன் பள்ளிக்கூடம் போனான். 1996 டிசம்பரில், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில்களில் குழந்தைகளை வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று முதலாளிகளுக்குச் சொன்னது. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

தம்பியின் ஃபைல்களை அக்கா ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அன்று போஸ்டரைப் பார்த்தார். விலையைக் கேட்டார். மகள் சொன்னதும், ஃபைலை எடுத்து வரச் சொன்னார். முதல் பக்கத்தில் அந்த நாற்பது லேபிள்கள்.

"அழகாத்தான் வச்சிருக்க. இதை ஒரு குரோஸ் ஒட்டினா என்ன கொடுத்தான்னு தெரியுமாடா உனக்கு?"

ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் லேபிள் வெட்டியவர், ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா சொன்னார். கோணலாக ஒட்டினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்றார். பசை காய்ந்து விரல் வெடிக்கும், சோறு பிசைந்தால் எரியும் என்றார். மயில் படம் சின்னது, சீக்கிரம் ஓடும், அந்த வாரம் மட்டும் நாலு காசு கூட வரும் என்று சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

லேபிள் தாத்தா எழுந்துபோய் ஒரு பென்சில் எடுத்து வந்தார். மயில் படத்துக்குக் கீழே, போஸ்டரில் 37/150 என்று எழுதியிருந்த அதே இடத்தில், குரோஸுக்கு இவ்வளவு என்று அக்கா சொன்ன காசை எழுதினார். பக்கத்தில் அக்காவின் பெயரையும் போட்டார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "எம்பேரு எதுக்கு?" என்றார். அழிக்கச் சொல்லவில்லை.

இதுவரை 23 லேபிள்களுக்குக் கீழே எழுதியாகிவிட்டது. மீதி பதினேழுக்கு, ஆடி முடிந்து வருகிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.