பாடகி

எமது கல்லூரி நூல்நிலையத்தில் ஓவிய நூலொன்றைப் புரட்டுங்கால், ருஷிய ஓவியர் காண்டின்ஸ்கி 1903-ஆம் ஆண்டிற் செய்த 'பாடகி' என்னும் வண்ண மரச்செதுக்குப் படத்தைக் கண்டோம். பியானோவின் அருகே மாதொருத்தி நின்று பாடுகின்றாள். பிறிதொரு நிகழ்ச்சியும் இல்லை. எனினும், ஓசையற்ற தாளில் இசை பிறப்பதை உணர்ந்தோம்.

1866-இல் மாஸ்கோவிற் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். முப்பதாம் வயதிற் பேராசிரியர் பதவியொன்றை மறுத்து, ஓவியங் கற்க மியூனிக் நகர் சென்றார். "தமிழ் கற்று என் செய்வாய்? சட்டம் படி" என எந்தையார் கடிந்துரைத்ததை மறவாத எமக்கு, இச்செய்தி ஆறுதலும் அச்சமும் ஒருங்கே தந்தது.

மரப்பலகையில் உளி அகற்றிய இடம் மையேலாது வெண்மையாய் நிற்கும். எஞ்சிய மேடே மையேற்று உருவாகும். அகற்றத் துணியாதார்க்குப் படம் இல்லை. இவரோ பின்னாளில் உருவங்களையே படிப்படியாக அகற்றி, அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவராயினார். 'ஓசைகள்' என்னும் தம் நூலில் 38 உரைநடைக் கவிதைகளோடு 56 மரச்செதுக்குப் படங்களையும் இணைத்தார். சொல்லும் கோடும் அவர்க்கு உடன்பிறப்புக்களே போலும்!

யாமும் ஒன்றை அகற்றியே தமிழைக் கைக்கொண்டோம். அகற்றிய இடம் எம் வாழ்விற் குறையாய் நிற்குமோ, ஒளியாய் நிற்குமோ, அறியோம். தாளில் ஒற்றிய பின்னரன்றோ பலகையின் பொருள் விளங்கும்? அதுவரை உளி பிடித்த எம் கையை ஆண்டவர் தாங்குவாராக.