கும்மிடிப்பூண்டி செல்லும் பேருந்தில்

சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலை ஆற்றையும் ஆரணி ஆற்றையும் கடந்து, ஆந்திர எல்லைக்கு அருகே அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குச் செல்வோர் விடியுமுன்பே சாலையோரம் வந்து நிற்கின்றனர். நாமும் அவர்களோடு திருவள்ளூரில் ஏறிப் பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகப் பயணம் செய்தோம்.

எஞ்சின் உறுமத் தொடங்கிய பின்னும் வண்டி நகரவில்லை. "இன்னும் ஏன் நிற்கிறார்?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஓட்டுநர் காத்திருந்தது ஆளுக்காக அன்று, காற்றுக்காக! எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர், வண்டியின் அடியிலுள்ள தொட்டிகளில் காற்றை அடைத்து வைக்கிறது. பிரேக் மிதியை அழுத்தினால் அக்காற்றே குழாய் வழியே பாய்ந்து, பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. பல டன் எடையை நிறுத்த மனிதக் காலின் வலிமை போதுமா? போதிய அழுத்தம் சேருமுன் வண்டியை எடுப்பவர் நல்ல ஓட்டுநர் அல்லர். அவ்வப்போது நாம் கேட்கும் "உஸ்" என்னும் பெருமூச்சு, வேலை முடிந்த காற்று வெளியேறும் ஓசையே.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. காற்றை மிகவும் இறுக்கும்போது பிறக்கும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அந்த ஆற்றல் கிளட்ச், கியர் பெட்டி, நீண்ட சுழல்தண்டு வழியாகப் பின் அச்சை அடைகிறது. முன் சக்கரங்கள் திரும்புவதற்கு, பின் சக்கரங்கள் தள்ளுவதற்கு. இத்தகைய வண்டிகள் உருவாகும் எண்ணூரும் இத்தொழிற்பகுதிக்குத் தொலைவில் இல்லை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தோன்றிய நிறுவனம், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று.

பயணிகளுக்கும் ஓர் இயந்திர நூல் உண்டு. கடைசி இருக்கை பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால், சிறு பள்ளமும் அங்கே பெரிய தூக்கலாகிறது. கருவுற்ற பெண்களுக்கும் முதியோருக்கும் இரு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள இருக்கையே தக்கது. நிற்பவர் கால்களைச் சேர்த்து வைக்காமல், ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக ஊன்றவேண்டும். வண்டி நின்றாலும் உடல் முன்னோக்கிச் செல்லவே முயல்கிறது. நடத்துநர் கம்பியில் சாய்ந்தபடி சில்லறை எண்ணும் கலை, பல்லாண்டுப் பழக்கத்தில் வந்தது.

படிக்கட்டுப் பயணத்தைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் நாட்டில் வாயில் இடப்புறம் உள்ளது. பேருந்து வலப்புறம் திரும்பும்போது உள்ளிருப்போர் அனைவரும் இடப்புறம், அதாவது வாயிலை நோக்கிச் சாய்கின்றனர். உள்ளே நிற்பவர் அடுத்தவர் தோளில் மோதுவார். படியில் நிற்பவருக்கு மோதத் தோள் இல்லை. இடப்புறம் திரும்பும்போது வேறோர் ஆபத்து. பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தைப் பின்பற்றாமல், உட்புறமாக வளைவைக் குறுக்கிச் செல்லும். முன்வாயிலில் தவறி விழுபவர் அதன் பாதையிலேயே விழுகிறார். இதை ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி பல அடி சென்றுவிடும்.

படியில் தொங்குவோரெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஏசுவதும் முறையன்று. ஷிப்டு மணி தவறினால் அன்றைய கூலி குறையும் என்ற அச்சம் பலரை அங்கே நிறுத்துகிறது. அடுத்த பேருந்து விரைவில் வரும் என்ற உறுதி இருந்தால் அவர்களில் பாதிப்பேர் தாமே இறங்கிவிடுவர் என்பது நம் எண்ணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குச் செல்லும் நம் சகோதரியரின் கைப்பையில் அக்காசு தங்குவது மகிழ்ச்சியே. அவர்கள் நிற்க இடமும் வேண்டுமன்றோ?

சில புதுப் பேருந்துகளில் அதே காற்று கதவையும் மூடுகிறது. நாம் சென்ற வண்டியில் கதவில்லை. கவரைப்பேட்டையில் ஓர் இளைஞர் ஒற்றைக் காலைப் படியில் வைத்துத் தொற்றிக்கொண்டார். நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "தம்பி, மேலே வா" என்றார். உள்ளிருந்தோர் முனகிக்கொண்டே நெருங்கி இடம் விட்டனர். இரண்டாவது காலும் மேலேறிய பின்னரே இரட்டை விசில் ஒலித்தது.