முகத்துக்கு ஒரு குடை

சகோதரிகளே, உங்களிடம் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். படித்தவள், பத்திரிகையில் உத்தியோகம் பார்ப்பவள் என்றுதான் பெயர். ஆனால் முகத்துக்குப் பூசும் ஒரு சன்ஸ்கிரீனைச் சரியாகப் பொறுக்கி வாங்கத் தெரியாமல் முப்பத்தைந்து வயது வரை காலம் தள்ளிவிட்டேன். அந்தப் பாடத்தின் அரிச்சுவடியைப் படித்தது சென்னையில் அல்ல. தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில்!

அழகுக் குறிப்புத் தேடி அங்கே போகவில்லை. அந்த ஊர் மலையைக் குடைந்து, தலைக்கு மேல் சுமார் ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டத் திட்டமிட்டார்கள் அல்லவா? 2015 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியும் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் குறுக்கிட்டதால் சுரங்கம் தோண்டப்படவில்லை. அந்த மலையைப் பார்த்து எழுதத்தான் போனேன்.

நியூட்ரினோ ஒரு விசித்திரப் பிறவி. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டுமே நம் விரல் நகம் அளவு இடத்தை விநாடிக்கு 6,000 கோடிக்கு மேல் துளைத்துப் போகின்றன. மலையையும் அப்படியே ஊடுருவுகின்றன. நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. அதே சூரியன் அனுப்பும் புற ஊதாக் கதிரோ கெட்டித் துணி ஒன்றைத் தாண்டவே திணறும். ஆனால் தோலிடம் மட்டும் தன் கைவரிசையைக் காட்டிவிடும்!

என் கைப்பையில் ஒரு டியூப் இருந்தது. 'எஸ்.பி.எஃப். 50' என்று கொட்டை எழுத்து. "முகம் பளிச்சென்று ஆகிவிடும், மேடம்" என்றாள் கடைப் பெண். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி வாங்கியது. காலையில் கடலைப் பருப்பு அளவு எடுத்து முகம் முழுவதும் தடவிக்கொண்டேன்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அப்படிப்பட்ட வெயில். உச்சிப் பொழுதில் மலையடிவாரத்துக் காட்டில் நிற்கிறேன். வியர்வை பெருகி, முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் கோடு கோடாக வழிகிறது. களை வெட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். புடைவைக்கு மேல் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை; தலையில் துண்டு.

"ஏந்தாயி, மூஞ்சில என்னத்தைப் பூசிக்கிட்டு வந்தே?"

"வெயிலுக்குப் பூசுகிற மருந்து, பாட்டி."

"அதுதான் வேர்வையில ஓடுதே! நான் போட்டிருக்கிற சட்டை ஓடுதா, பாரு!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நெற்றியிலும் தாடையிலும் பருக்கள். பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் வந்த மங்கு இன்னும் கறுத்திருந்தது. "இப்படிக் கறுத்துப்போய் வந்திருக்கிறாயே!" என்று அங்கலாய்த்தார் மாமியார். அதை என் ஒன்பது வயது மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை அவள் விளையாடப் போகவில்லை. "வெயிலில் போனால் நானும் கறுத்துவிடுவேனே, அம்மா!" என்றாள். பருக்களைவிட அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. தோல் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் அம்மாள் டியூபைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இது வறண்ட சருமத்துக்கு. உங்களுக்கோ எண்ணெய் வழிகிற சருமம்!" என்றார். பிறகு அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எஸ்.பி.எஃப். என்பது தோலைச் சுட்டெரிக்கும் கதிருக்கான அளவு. 30 என்றால் சுமார் 97 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. ஆகவே பெரிய எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அடுத்து 'பி.ஏ.' என்று போட்டு, பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். அது கல்லூரிப் பட்டம் அல்ல! தோலைக் கறுக்க வைத்து, மங்கை வளர்க்கும் இன்னொரு கதிருக்கான அளவு. பஸ் ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தாண்டி வரும் கதிர் அது. குறி கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும்.

எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் அல்லது நீர்த்த லோஷன். வறண்டதற்குக் கெட்டி க்ரீம். எதைப் பூசினாலும் அரிக்கிற சருமத்துக்கு வாசனை சேர்க்காத, துத்தநாக ஆக்ஸைடு கலந்தது நல்லது. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, நிறமூட்டிய வகை அதிகப் பலன் தரும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கை வளர்க்குமாம்! எதுவானாலும் முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பிதுக்கி, கிளம்புவதற்குக் கால் மணி முன்பு பூச வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடியும். என் கடலைப் பருப்பு எந்த மூலைக்கு?

1975-ல் அமெரிக்க டாக்டர் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் தோல் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து வகை பிரித்தார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இடம். பழுப்பும் கறுப்பும் 5, 6 என்று பிற்பாடுதான் சேர்ந்தன. ஆனால் இயற்கை நம்மை மறக்கவில்லை. நம் தோலில் உள்ள மெலனின் ஒரு குடை. அதனால் நாம் எளிதில் வெந்துபோவதில்லை. கரும்புள்ளியும் மங்கும்தான் நமக்கு எதிரி. அந்தக் குடைக்குத் துணை சேர்ப்பதுதான் சன்ஸ்கிரீனின் வேலை. குடையையே வெளுக்க வைப்பது அல்ல. வெளுக்க வைப்பதாகச் சொல்லும் க்ரீம்களிடம் ஜாக்கிரதை! 2023-ல் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய க்ரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பழுதுபட்டது. காரணம், அதிலிருந்த பாதரசம்.

நான் புது ஜெல் பூசுவதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் பூசினால் நான் சிவப்பாகிவிடுவேனா, அம்மா?"

"மாட்டாய், கண்ணு. உன் நிறத்திலேயே சௌக்கியமாக இருப்பாய்" என்றேன். சற்று யோசித்தாள். பிறகு முகத்தை நீட்டினாள், பூசிவிட்டேன். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்த முறை பொட்டிப்புரம் போகும்போது பாட்டி என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இரண்டு விரல் ஜெல்லோடு துண்டும் தயார். என் கணவர்தான் தமது பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்!