ஏட்டில் இருப்பதும் இடத்தில் இருப்பதும்

கல்லாவியில் எம் பாட்டனார் ஆடு வளர்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தி சாயும் வேளையில் பட்டியின் படலைச் சிறிதே திறந்து வைத்து, ஆடுகள் ஒவ்வொன்றாய் உள்ளே நுழைகையில் முதுகைத் தொட்டு எண்ணுவார். நேற்றைய கணக்கை இன்றைக்குச் சொல்லிவிட்டு அவர் உறங்கச் சென்றதே இல்லை. தொழிற்சாலை ஒன்றில் ஏடும் பேனாவுமாய்ப் பல்லாண்டு கழித்த நாம், அவர் கையில் இருந்த நேர்மை எம் பேனாவில் இல்லை என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தோம். அதனை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லதென்று தோன்றுகிறது.

தருமபுரியிலிருந்து 2004 ஆம் ஆண்டு பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் எம் ஊர். மேற்குக் கோடியில், கருநாடக எல்லையைத் தொட்டாற்போல் ஓசூர். இங்கே மானாவாரி நிலமும் மாந்தோப்பும்; அங்கே சிப்காட் வளாகங்களும் சரக்கு லாரிகளின் வரிசையும். எம்மைப் போல் பலர் இங்கிருந்து அங்கே பிழைக்கப் போனவர்கள்.

நாம் பணிபுரிந்த ஆலையில் கணிப்பொறிகளின் இருப்புப் பதிவேடு எம் பொறுப்பில் இருந்தது. தயாரிப்பாளர் இட்ட வரிசை எண், வாங்கிய நாள், விலை, வைத்த இடம், பயன்படுத்துவோர் பெயர் எனப் பத்திகள் பல. ஆண்டு முடிவில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதல் ஆண்டுகளில் அறை அறையாக நடந்து பார்த்தோம். பின்னர் தொலைபேசியில் கேட்டோம். அதன்பின் கேட்பதையும் விட்டோம். சென்ற ஆண்டு இருந்தது இந்த ஆண்டும் இருக்கும் என்ற நம்பிக்கையில், நாற்காலியை விட்டு எழாமலே 'நேரில்' என்று எழுதினோம்.

ஓர் ஆண்டு தணிக்கையாளர் வந்தனர். பண்டகசாலையில் இருப்பதாக ஏடு சொன்ன ஒரு கணிப்பொறி அங்கே இல்லை. பண்டகசாலையின் சாவி ஓர் ஒப்பந்தத் தொழிலாளியிடம் இருந்தது. ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளை. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மூன்று மாதங்களுக்கு முன் நாம் கையெழுத்திட்ட வரியைக் காட்டி, "அப்போது இருந்தது இப்போது எங்கே?" என்று அவனிடம் கேட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் அவன் எம்மிடம், "சார், நீங்க நேர்ல பார்த்தப்ப அது அங்கதானே இருந்துச்சு?" என்று கேட்டான். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. நாம் சொல்லும் சொல் தனக்குத் துணையாகும் என்று நம்பிக் கேட்டான். நாம், "பார்க்கலாம் தம்பி" என்று மட்டும் சொன்னோம்.

அதே மாதத்தில்தான் ஆலையின் வலையமைப்பில் இணைந்துள்ள கருவிகளைத் தானாகவே கண்டறியும் மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அது வேலை செய்யும் முறை எளியது. வலையின் ஒரு பகுதியில் உள்ள ஒவ்வோர் எண் முகவரியையும் விளித்து, "இந்த முகவரிக்குரியவர் யார்?" என்று கேட்கும். 1982 ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஏ.ஆர்.பி. என்னும் நெறிமுறை இது. விடையாக வரும் 48 பிட்டு வன்பொருள் முகவரியின் முற்பாதி, தயாரித்த நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். எந்த முகவரி எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்பதை சுவிட்சு சொல்லும். உரிய அனுமதியுடன் உள்ளே நுழைந்தால், கணிப்பொறி தன் வரிசை எண்ணையே சொல்லிவிடும். அதை ஏட்டோடு ஒப்பிட வேண்டியதுதான் மிச்சம்.

முதல் தேடலில் காணாமற்போன எண் கிடைக்கவில்லை. பையன் மேல் இருந்த ஐயம் வலுத்தது. எமக்கோ, வெட்கத்தோடு சொல்கிறோம், சற்றே ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் ஏ.ஆர்.பி. கேள்வி ரூட்டரைத் தாண்டிப் போகாது. ஒரு தெருவில் கூவினால் அடுத்த தெருவுக்குக் கேட்காததைப் போன்றது அது. அலுவலகப் பகுதியில் மட்டுமே நாம் தேடச் சொல்லியிருந்தோம். சில நாள் கழித்து வாயிற்புறத்தின் வலைப்பகுதியையும் பட்டியலில் சேர்த்தோம். காலை பத்து மணிக்கு அந்த வரிசை எண் திரையில் வந்து நின்றது. லாரி எடைமேடை அறையில் இருந்தது அந்தக் கணிப்பொறி.

போய்ப் பார்த்ததும் நினைவு வந்தது. முந்தைய மழைக்காலத்தில் ஓர் இரவு எடைமேடைக் கணிப்பொறி பழுதாகி, லாரிகள் காத்து நின்றன. ஷிப்டு மேற்பார்வையாளர் பண்டகசாலையிலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்திவிட்டு, மறுநாள் எம்மிடம் வாய்ச்சொல்லாய்த் தெரிவித்தார். எழுதிக்கொள்கிறோம் என்றோம், எழுதவில்லை. ஆண்டு முடிவில், அங்கே இல்லாத பொருளை 'நேரில்' கண்டதாகவும் எழுதினோம். ஒருவனைத் திருடனாக்க அந்த ஒரு சொல் போதுமானதாயிற்று.

அன்றே மேலாளருக்கு எம் தவறென்று எழுதிக் கொடுத்தோம். பையனை மீண்டும் அழைத்தார்கள், அவன் வரவில்லை. எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளிப் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டான். அவன் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல சார்" என்றான். அவன் தாயார் ஒன்றும் பேசவில்லை.

இருப்புக் கணக்கு பணத்தைப் பற்றியது மட்டும் என்று எண்ணுவோர் உண்டு. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோசின் ஒரு குறைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12 அன்று வான்னகிரை என்னும் தீநிரல், திருத்தம் இடப்படாத கணிப்பொறிகளைப் பற்றி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இருப்பதே தெரியாத பொறிக்கு யார் திருத்தம் இடுவார்? எம் தமிழகத்திலும் 2019 அக்டோபர் 30 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணிப்பொறியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிருவாகப் பணிக்கான வலையில் இருந்தது என்றும், உலையின் உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் விளக்கியது. எந்தப் பொறி எந்த வலையில் உள்ளது என்று ஐயமின்றிச் சொல்லக்கூடியவர்களே அத்தகைய நேரத்தில் மக்களின் அச்சத்தைத் தணிக்க முடியும்.

ஆயினும் அன்பர்களே, எந்திரத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நாம் ஓய்ந்திருக்க இயலாது. அணைத்து வைத்த கணிப்பொறி விடை சொல்லாது. ஆகவே வெவ்வேறு வேளைகளில் தேட வேண்டும். 2019 முதல் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் 2020 முதல் ஐபோன்களும் தம் வன்பொருள் முகவரியை மறைத்து, மாற்று முகவரி காட்டுகின்றன. ஒரே கைபேசி பலவாய்த் தோன்றக்கூடும். பழைய எந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகள் சில, கேள்விகள் மிகுந்தால் திணறி நின்றுவிடும்; அவற்றின் அருகே மென்மையாய்ச் செவிமடுப்பதே தகும். உடைந்து மூலையில் கிடப்பது வலையில் தெரியவே தெரியாது. யார் பொறுப்பில் உள்ளது என்பதைப் பொறி அறியாது. இவற்றுக்கெல்லாம் ஒரு மனிதர் எழுந்து நடந்துதான் ஆக வேண்டும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேர்த்தோம்: 'கடைசியாகக் காணப்பட்ட நாள்'. வலை கண்டால் வலை கண்டது என்றும், மனிதர் கண்டால் அவர் பெயரும் அதில் வரும். காணாதிருந்தால் அவ்விடம் வெறுமையாகவே இருக்கும். முன்பு அத்தகைய வெற்றிடத்தைக் கண்டால் கை தானாக நிரப்பப் போகும். இப்போது நாற்காலியை விட்டு எழுகிறோம். பட்டி வாயிலில், எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கும் பாட்டனாரை அப்போது நினைத்துக்கொள்கிறோம்.