காத்திருந்த 11 பேருக்கும் சேர்த்து

சுவிட்சர்லாந்தில் இருக்கும், முகம் தெரியாத 25 பேருக்கும், இரவில் அவர்கள் பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கும்,

மதுரையிலிருந்து எழுதுகிறேன்.

என் கணவரின் குறட்டை எனக்குப் பழகிப்போனது. பழகாதது, அது நிற்கும் இடம். உச்சத்தில் போய்க்கொண்டிருக்கும் சத்தம் சட்டென்று அறுந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்கும். மூச்சு மட்டும் வராது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பேன். இருபதைத் தாண்டினால் தோளைப் பிடித்து உலுக்குவேன். பெரிய இழுப்போடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகும்.

பரிசோதித்ததில் மணிக்கு 23 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. ஸ்லீப் ஆப்னியா, நடுத்தர அளவு என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைக்கின்றன. காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் வந்தது. நல்ல மெஷின்தான். ஆனால் இரண்டு மணி வாக்கில் தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றிவிடுவார். அப்புறம் நான் எண்ணத் தொடங்குவேன்.

உங்கள் கதையை எங்களுக்குச் சொன்னது அந்த டாக்டர்தான். உங்கள் ஊரில் அலெக்ஸ் சுவாரெஸ் என்பவர் டிஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலைக் கற்றுக்கொடுத்துவந்தார். சில மாதம் ஊதியபின் தனக்கும் மாணவர்கள் சிலருக்கும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைவதைக் கவனித்தார். மிலோ பூகன் முதலிய ஆய்வாளர்கள் அதை முறையாகச் சோதித்தார்கள். 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. உங்களில் 14 பேர் நான்கு மாதம், வாரத்தில் ஏறக்குறைய ஆறு நாள், நாளுக்குச் சுமார் 25 நிமிடம் ஊதினீர்கள். மூச்சுத் தடை மணிக்கு 22லிருந்து 12 அளவுக்கு இறங்கியது.

மீதி 11 பேருக்குத்தான் நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். உங்களுக்கும் அதே தொல்லை, அதே பகல் சோர்வு. ஆனாலும் குழாயைத் தொடாமல் நான்கு மாதம் காத்திருந்தீர்கள். உங்களுக்கும் எண் சற்றுக் குறைந்தது. 20லிருந்து 15 வரை. நீங்கள் இல்லாவிட்டால், ஊதியதால் குறைந்தது எவ்வளவு, தானாகக் குறைந்தது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. வெறுமனே காத்திருப்பதும் ஓர் உதவி என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

பக்கத்தில் படுத்திருந்தவர்களே, உங்களையும் கேட்டார்கள். உங்கள் தூக்கம் எவ்வளவு கெடுகிறது என்று கேட்டு, மதிப்பெண் போட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். ஊதியவர்களின் துணைகள் குறைவாகவே சிரமப்பட்டார்கள். அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன். என் இரவுகளைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இந்த ஆய்வுக்கு 2017இல் இக் நோபல் கொடுத்தார்கள், சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு. கொடுத்தது அமைதிக்கான பிரிவில். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை, பொருத்தமாகத்தான் பட்டது.

உங்களுக்கு அக்ரிலிக் குழாய் கொடுத்தார்களாம். எங்களுடையது பைப் கடையில் வாங்கிய பிவிசி, வாய் வைக்கும் நுனியில் தேன்மெழுகு. டாக்டர், மெஷினை நிறுத்தக் கூடாது என்ற கண்டிப்போடு சம்மதித்தார். கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். அது பிடிபட என் கணவருக்கு ஒன்றரை மாதம் ஆனது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து, குமிழி அறுந்துபோகாமல் ஊதிப் பார்ப்பார். அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. சட்டையெல்லாம் ஈரம்.

அவர் ஊதக் கேட்ட முதல் நாளே எனக்கு ஒத்து நினைவுக்கு வந்தது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று, ராகம் எங்கே போனாலும் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருக்கும் குழல். அந்த வேலையை இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி பார்த்துக்கொள்கிறது. ஒத்து ஊதுகிறவன் என்று ஏளனமாகச் சொல்கிறோமே, அந்த மூச்சுக்கு எத்தனை நாள் உழைப்பு வேண்டும் என்பதை என் வீட்டுக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில், கறையான் குடைந்த யூகலிப்டஸ் மரத்தை யிடாக்கியாக்கி (டிஜெரிடூவுக்கு அவர்கள் மொழியில் பெயர்), இந்த ஊதலைத் தலைமுறைகளாகக் காத்துவந்த யோல்ங்கு மக்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. 1981இல் சிபாப் முறையை உலகுக்கு அறிவித்த காலின் சல்லிவனும் அதே நாட்டில், சிட்னியில் இருந்தவர்தான்.

இப்போது ஏழாவது மாதம். மாஸ்க்கை இன்னமும் சில இரவு கழற்றிவிடுகிறார். போன வியாழன் அப்படித்தான். பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து, ஆறு... மூச்சு வந்தது. அடுத்ததும் வந்தது. எதுவரை எண்ணினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார்.


பக்கத்தில் படுத்திருப்பவள்