நாரி நோவும் நிறப் பென்சிலும்

எமது தமக்கையார் முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர். பாடசாலை விட்டால் கிணற்றடி. கிணற்றடி விட்டால் அடுப்படி. நாரி நோகிறது என்று அவர் சொல்லியபோது, படத்தில் பழுதெதுவும் தெரியவில்லை என்றார் வைத்தியர். "பொம்பிளையளுக்கு உது வழமைதானே" என்றனர் உறவினர். மேடையில் பெண் விடுதலை பேசிய நாமும் உள்ளூர அவ்வாறே எண்ணினோம். அக்குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

ஒருநாள் எமது மகள் மனித உருவின் கோட்டுப்படமொன்றைக் கொடுத்து, "நோகிற இடங்களுக்கு நிறம் தீட்டுங்கோ, மாமி" என்றாள். தமக்கையார் நாரியைச் செந்நிறமாக்கினார். பின்னர் இரு மணிக்கட்டுகளையும் கரிய நிறத்தால் அழுத்தி அழுத்தித் தீட்டினார். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அந்த மணிக்கட்டுகளின் நோவை நாம் அறிந்திருக்கவில்லை.

நோவைச் சித்திரமாக்கியவர்களுள் மெக்சிக்கோவின் பிரீடா காலோவை மறத்தல் இயலாது. 1925இல், 18 வயதில், அவர் சென்ற பஸ் வண்டியுடன் ட்ராம் வண்டி மோதியது, முதுகெலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்தபடியே, மேலே பொருத்திய கண்ணாடியில் தம்மைப் பார்த்து வரைந்தார். 1944இல் தீட்டிய 'உடைந்த தூண்' என்னும் ஓவியத்தில் உடல் பிளந்திருக்கிறது, முள்ளந்தண்டின் இடத்தில் நொறுங்கிய தூண், மேனியெங்கும் ஆணிகள், கண்ணீர் வழிகிறது. பார்வை மட்டும் நம்மை விட்டு விலகுவதில்லை. சாட்சி சொல்லும் பார்வை அது.

தியானமும் இவ்வாறே நோவை நேர்நின்று நோக்கச் சொல்கிறது. மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் 1979இல் ஜோன் கபாட்-சின் தொடங்கிய பயிற்சியில், நாட்பட்ட நோவுடையோர் மூச்சையும் உறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கவனிக்கக் கற்றனர். அதன் வேர் பௌத்தத்தின் சதிபட்டான தியானம். கண்டிக் காட்டில் வாழ்ந்த ஞானபோனிக தேரர் அத்தியானத்தை விளக்கிய ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளியாயிற்று. உடல் நோ ஓர் அம்பு, அதனால் எழும் மனக்கலக்கம் இரண்டாவது அம்பு என்பது புத்தர் போதனை. பயிற்சி பிடுங்க முயல்வது இரண்டாவது அம்பையே.

நன்று. ஆயின், அவநம்பிக்கை என்னும் மூன்றாவது அம்பை எய்பவர்கள் நாமல்லவா? சுமையை இறக்காமல் "மூச்சைக் கவனி" என்று பெண்ணுக்கு உபதேசித்தல், பழைய "பொறுத்துக்கொள்" என்பதன் புதுப்பதிப்பே. முறையான சிகிச்சையும் ஓய்வும் வேலைப் பங்கீடும் முதலில் வேண்டும். தியானமும் கலையும் அவற்றுக்குத் துணை.

தமக்கையாரின் நாரி நோ தீரவில்லை. மாலையில் சிறிது நேரம் கண்மூடி அமர்கிறார், பின்னர் வரைகிறார். அவ்வேளை கிணற்றடியில் வாளியோடு நிற்பவர்கள் நாம். காலம் கடந்தே கற்றோம்.