ஊரைக் கணக்கெடுத்தவர்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் சென்ற நூறாண்டு வரலாற்றை ஆராய்வோர், 1918இல் கில்பர்ட் சிலேட்டர் தொகுத்து வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூலைத் தவறாமல் எடுத்துப் பார்க்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியரான அவர், இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையான வரலாற்றை ஆராய்ந்து 1907லேயே நூல் எழுதியவராதலின், உழுகுடிகள் நிலமிழக்கும் கதை அவருக்குப் புதிதன்று. அவர் தம் மாணவர்களிடம் நீண்டதொரு வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் ஊரில் நிலம், கால்நடை, கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதிவரச் செய்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அவ்வாறே ஏட்டில் ஏறின.

எனினும் இவ்விசாரணை நடந்த 1916இல் கல்லூரிவரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் எழுத்தறிவும் உடைய குடும்பத்தினர் என்பதையும், ஊர்த் திண்ணையில் உரிமையோடு அமரக்கூடிய அவர்களுக்குச் சேரியின் உள்வாழ்வு எட்டியே இருந்திருக்கும் என்பதையும் மறந்து அந்நூலைப் படிப்பது தகாது. அரசுக் கணக்கோ இதனினும் குறுகியது. பரம்பரையாக ஊர்க்கணக்கு எழுதிவந்த கர்ணத்தின் அடங்கலில், அதாவது எந்தப் புல எண்ணில் என்ன பயிர் எவ்வளவு விளைகிறது என்று ஆண்டுதோறும் பதியும் பேரேட்டில், வரி செலுத்துபவருக்கு இடமிருந்தது. ஏர் பிடித்தவருக்கு இருக்கவில்லை.

அவ்வாறு விடுபட்டோருள் முதன்மையானவர் படியாள். முன்பணமாகப் பெற்ற கடனுக்காக ஒரே மிராசுதாரரிடம் கட்டுண்டு, படியால் அளந்து தரப்படும் நெல்லைக் கூலியாகப் பெற்று, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர் அவர். தஞ்சையில் இவரையொத்தவரைப் பண்ணையாள் என்றனர். 1952இல் தஞ்சைப் பண்ணையாள்களைப் பாதுகாக்கச் சட்டம் பிறந்ததற்கு, ஆய்வாளர்களின் ஏடுகளைவிட வயலில் திரண்ட விவசாயத் தொழிலாளர் இயக்கமே காரணம் எனலாம்.

சிலேட்டர் தொடங்கிய பணியின் பெருமதிப்பு, அதே ஊர்களுக்குப் பிறர் மீண்டும் மீண்டும் சென்றதில் இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு, பொருளாதாரப் பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்து கடன் ஏறிய காலத்தைப் பதிந்தது. 1980களின் தொடக்கத்தில் குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோரும் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கத்தில் நெடுங்காலம் இருந்த அவ்வூரில் அப்பிடி தளர்ந்து, படியாள் முறை மறைந்து, வேளாண்மைக்கு வெளியே ஆடவர் வேலை தேடிச் செல்வதை இறுதி ஆய்வு கண்டது. இதே மாற்றத்தைப் பண்ணை வைத்திருப்போர் ஆள் கிடைக்காத் தட்டுப்பாடு என்றுரைப்பர். படியாளின் பேரனோ களத்துமேட்டில் கைகட்டி நிற்கும் நிலை ஒழிந்தது என்பார். இருவர் கூற்றும் உண்மையே, ஆனால் வினாப்பட்டியலைக் கையில் ஏந்தியவர் முதலில் எவர் வாசலில் நின்றார் என்பதைப் பொறுத்தே இவற்றுள் ஒன்று முடிவுரையிலும் மற்றது அடிக்குறிப்பிலும் இடம்பெற்று வந்திருக்கிறது.